சுடலைவடிவு நின்ற நாற்பத்தோரு நாட்கள்

வெள்ளாங்கரையில் சுடலைவடிவு பந்தை நெஞ்சுக்கு நேரே இரண்டு கையாலும் பிடித்தபடி மண்மேட்டில் நின்றவள், நின்றவளாகவே ஆகிப்போனது ஆடி மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை பகல் மூன்றேகால் மணிக்கு. கச்சான் காற்று உப்பளங்களைத் தாண்டி வந்து மைதானத்துப் புழுதியைக் கிளப்பிக்கொண்டிருந்தது, முதல் பேஸில் ஜைனம்பு ஓடுவதற்குக் காலைத் தேய்த்துக்கொண்டு நின்றாள், பந்து பிடிக்கிற கேட்சருக்குப் பின்னால் முகக்கவசம் மாட்டிக் குனிந்திருந்த அம்பயர் ஜெபக்கனி டீச்சர் மனசுக்குள் ஒன்று இரண்டு என்று எண்ணினாள், பத்து எண்ணினாள், ஐம்பது எண்ணினாள், எண்ணுவதை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது மேட்டில் நின்றவளின் சட்டைக் காலர் மட்டும் காற்றில் படபடத்தது. மற்றபடி ஒரு விரல் அசையவில்லை, ஓர் இமை அசையவில்லை.

அந்த ஊருக்கு பேஸ்பாலைக் கொண்டுவந்ததே ஜெபக்கனிதான். பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் பி.டி. டீச்சராகச் சேர்ந்த புதிதில் வெளியூரில் பத்து நாள் பயிற்சிக்குப் போய், இரண்டு கிளவுஸும் ஒரு பேட்டும் ஒரு விதிப்புத்தகமும் கொண்டுவந்தாள். உப்பளத்துப் பிள்ளைகளுக்கு எறிவதும் ஓடுவதும் யாரும் சொல்லித்தர வேண்டியதாக இல்லை. அவர்களில் நாலு பேர் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசாங்க வேலைக்குப் போன பிறகு, அந்த ஆட்டத்தின் விதிகள் மீன் மார்க்கெட்டில் உட்கார்ந்திருக்கும் பெண்களுக்குக்கூடத் தெரிந்துபோயின.

விதிகளில் ஊருக்கு மிகவும் பிடித்துப்போனது ஒன்று உண்டு. மைதானத்தின் நாலு மூலைகளில் இருக்கும் பேஸ்களில் ஒன்றில் எதிரணியாள் அடுத்த பேஸுக்கு ஓடக் காத்திருக்கும்போது பந்தெறிகிறவள் வெள்ளை ரப்பர் பட்டையில் காலை ஊன்றி, பந்தை இரண்டு கையாலும் உடம்புக்கு முன்னால் கொண்டுவந்து, முழுசாக ஒரு நிறுத்தம் நிறுத்த வேண்டும். நின்ற பிறகு எறியத் தொடங்கிவிட்டாலோ எறிந்தே தீர வேண்டும்; எறிவதுபோல் காட்டிப் பாதியில் கையை இறக்கினால் அது ஓடுகிறவளை ஏமாற்றுகிற வேலை. நிற்காமல் எறிந்தாலும் குற்றம், எறியத் தொடங்கி நிறுத்தினாலும் குற்றம், இரண்டுக்கும் பெயர் பால்க். அம்பயர் கையை நீட்டி அந்தச் சொல்லைச் சொன்னால், பேஸில் நிற்கிறவர்கள் ஓடாமலே ஆளுக்கொரு பேஸ் முன்னால் நடந்துபோகலாம். ஊர் வாயில் பால்க் பாக்கு ஆகியிருந்தது. பஸ்ஸுக்குக் கையைக் காட்டிவிட்டு ஏறாமல் போகிறவனையும், பெண்பார்த்துக் காப்பி குடித்துவிட்டுப் பதில் சொல்லாமல் இருக்கும் வீட்டாரையும் வெள்ளாங்கரையில் பாக்குப் போட்டுட்டாவ என்றுதான் சொல்வார்கள்.

வடிவு நின்றுபோனதற்கு மூன்று வாரம் முன்னால் ஒரு காரியம் நடந்திருந்தது. மாவட்டத் தேர்வுக்கான இறுதி ஆட்டம் அது. அதற்கும் அம்பயர் ஜெபக்கனிதான், வட்டாரத்தில் விதி முழுக்கத் தெரிந்த வேறு ஆள் இல்லை. ஜெயிக்கிற அணியிலிருந்துதான் வேலைக்கான பெயர்கள் போகும். வடிவுக்கு அந்த வருஷத்தோடு வயசு வரம்பு முடிகிறது. ஆட்டத்தன்று காலையில் வட்டாரச் சங்கத்துச் செயலாளர் கோயில்பிள்ளை டீச்சரைத் தேடி வந்தார். அவருடைய தம்பி மகள் எதிரணியில் இருந்தாள்.

"டீச்சர், வடிவு நிக்கது ஒரு நிப்பே இல்லன்னு வெளியூர்க்காரங்க பேசுதாவ. கொஞ்சம் கண்ணு வச்சுக்கிடுங்க," என்றார். செருப்பை மாட்டும்போது இன்னொன்றும் சொன்னார்: "மாநில அம்பயர் பட்டியலுக்கு உங்க பேரை எழுதி அனுப்பியிருக்கேன். சொன்னனா உங்ககிட்ட?"

அவ்வளவுதான் அவர் பேசியது. கடைசிச் சுற்றில் இரண்டு அணியும் சமமாக இருந்தபோது, எதிரணியாள் மூன்றாவது பேஸில் நின்றபோது, வடிவு பந்தை நெஞ்சுக்குக் கொண்டுவந்து நின்றாள். ஓர் ஈ முழங்கையில் வந்து உட்கார்ந்து எழுந்துபோகிற அளவுக்கு நின்றாள். ஜெபக்கனி அந்த ஈயைக்கூடப் பார்த்தாள். ஆனால் பந்து கையைவிட்டுக் கிளம்பிய கணத்தில் டீச்சரின் வலது கை தானாக நீண்டது, வாய் பால்க் என்று சொன்னது, மூன்றாவது பேஸில் நின்றவள் கோவிலுக்குப் போகிறவளைப்போல நடந்துவந்து நாலாவது மூலையான ஹோம் பிளேட்டை மிதித்தாள், ஓர் ஓட்டம் கூடி ஆட்டம் முடிந்துபோனது.

சாமான்களை மூட்டை கட்டும்போது வடிவு வந்து நின்றாள். "டீச்சர், நான் நிக்கலையா?"

"முழுசா நிக்கல."

"முழுசான்னா எப்படி டீச்சர்?"

"புத்தகத்துல போட்டிருக்கு. எடுத்துப் படி."

"படிச்சிருக்கேன் டீச்சர்," என்றாள் வடிவு. அவள் குரலில் கோபம் இல்லை. பாடத்தில் ஒரு சந்தேகம் கேட்டுவிட்டு பெஞ்சுக்குத் திரும்புகிற பிள்ளையைப்போலப் போனாள். மூன்று வாரம் கழித்து, ஊர் அணியே இரண்டாகப் பிரிந்து ஆடிய சாதாரணப் பயிற்சி ஆட்டத்தில், முழுசாக நின்றாள்.

முதல் அரை மணி நேரம் பெண்கள் சிரித்தார்கள், பிறகு திட்டினார்கள், பிறகு கெஞ்சினார்கள். ஜெபக்கனி இரண்டு கையையும் தூக்கி டைம் சொன்னாள். டைம் சொன்னால் ஆட்டம் அந்த இடத்திலேயே செத்துப்போகும், யாரும் எங்கும் நகரலாம், பந்தெறிகிறவள் தண்ணீர் குடிக்கலாம், ஆனால் வடிவு நகரவில்லை. ஆறு பேர் சேர்ந்து அவளைத் தூக்கப் பார்த்தார்கள், காலுக்கடியில் வேர் ஓடியிருப்பதுபோல் இருந்தது. உடம்பு சூடாக இருந்தது, மூச்சு மெதுவாக வந்துபோனது. சுகாதார நிலையத்து டாக்டரம்மா வந்து நாடி பிடித்து நிமிஷத்துக்கு அறுபத்திரண்டு என்றார், கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார், நோயாளி நின்ற நிலையில் நலம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அந்தத் தாளை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் தன் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு போனார்.

வடிவின் அம்மா முப்பிடாதி உப்பளத்தில் வேலை பார்க்கிறவள். அளத்திலிருந்து நேரே வந்தவள், முழங்கால் வரைக்கும் உப்புப் பூத்த காலோடு மேட்டில் ஏறி மகளின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு டீச்சரிடம் வந்தாள்.

"எம் மவளுக்கு நிக்க மட்டும்தான் சொல்லிக் குடுத்தியளா டீச்சரம்மா? இறங்கச் சொல்லிக் குடுக்கலையா?"

இறங்குவதற்கும் விதி உண்டு. ஊன்றிய காலைப் பின்னால் எடுத்து பட்டையைவிட்டு இறங்கலாம், அதில் குற்றம் இல்லை. அதை வடிவுக்குச் சொல்லிக்கொடுத்ததும் ஜெபக்கனிதான். அவள் முகக்கவசத்தின் வாரை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

அதிசயம் என்று ஒன்று நடந்தால் முதல் வாரம் எல்லோரும் பார்க்க வருவார்கள், இரண்டாம் வாரம் அதற்கு ஒரு வேலை கொடுத்துவிடுவார்கள். முதல் வாரத்தில் அவளுக்கு மேலே நாலு சவுக்குக் கம்பு நட்டுப் பந்தல் போட்டார்கள். காற்று கொண்டுவந்த உப்பு அவள் புருவத்திலும் காது மடலிலும் வெள்ளையாகப் படிந்தது; தினமும் வேலை முடிந்து வந்து முப்பிடாதி அதை ஈரத்துணியால் துடைத்துவிட்டாள், துடைத்த துணியை யார் கேட்டும் கொடுக்கவில்லை. இரண்டாம் வாரத்தில் பொய்ச் சத்தியம் செய்ய மாட்டேன் என்று அவள் முன்னால் வந்து சொல்கிற வழக்கம் உண்டாயிற்று. எல்லை வழக்கில் இருந்த அண்ணனும் தம்பியும் அங்கே வந்து, அவள் நிற்கிற நிலையைப் பார்த்துவிட்டு, ஆளுக்கொரு முழம் விட்டுக்கொடுத்துப் போனார்கள். ஜைனம்பு நிக்காஹ் நிச்சயம் ஆன பிறகும் சாயங்காலம் தோறும் வந்து முதல் பேஸில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள். "டைம் சொன்னாலும் அவ இறங்கலல்லா டீச்சர், நான் மட்டும் எப்படிப் போவ," என்றாள்.

மூன்றாம் வாரத்தில்தான் அவள் எதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்று யோசித்தார்கள்.

மைதானத்துக்குக் கிழக்கே, கேட்சரின் இடத்துக்குப் பின்னால் கம்பிவலை, அதற்குப் பின்னால் மதில், மதிலுக்குப் பின்னால் தையல்கடை, மருந்துக்கடை, ஒரு நூலகம், அடுத்த தெருவில் கோயில்பிள்ளையின் மாடிவீடு, அந்த வீட்டு மாடி ஜன்னல், அதற்கப்புறம் கடல். நூல் பிடித்ததுபோல் நேர்கோட்டில் இருந்தன எல்லாம். மதிலின் இடிந்த இடம் வழியாக மேட்டிலிருந்தே அந்த ஜன்னல் தெரிந்தது. தையல்காரர்தான் முதலில் சொன்னார்: மெஷினில் உட்கார்ந்தால் பிடரியில் யாரோ விரலை வைத்துக்கொண்டே இருக்கிறமாதிரி இருக்கிறது என்று. இத்தனை நாள் நிறுத்தி வைத்த எறி, ஒருநாள் எறியப்படத்தானே வேண்டும் என்று மருந்துக்கடைக்காரர் சொன்னார். ஒரு நொடி நின்று எறிந்தால் பந்து கம்பிவலையில் போய் முட்டும். இருபது நாள் நின்று எறிந்தால் எதில் போய் நிற்கும் என்று யாருக்கும் கணக்குத் தெரியவில்லை.

தையல்காரர் மனைவியோடு அவள் தங்கை ஊருக்குப் போய்விட்டார். மருந்துக்கடை இரண்டு தெரு தள்ளிப் போனது. நூலகத்துப் புத்தகங்களை வடக்குப் பக்கத்து அறைக்கு மாற்றினார்கள். அந்தக் கோட்டைக் கடக்க வேண்டியவர்கள் குனிந்து கடந்தார்கள். பால்கேன் ஏற்றிவந்த சைக்கிள்காரன் இறங்கி, சைக்கிளையும் சாய்த்து, தானும் சாய்ந்து, தள்ளிக்கொண்டு போனான். பஸ் நிறுத்தம் இடம் மாறியது. கொஞ்சநாளில் கோட்டுக்கு வடக்கே இருக்கிறவர்கள் தெற்கே இருக்கிறவர்கள் வீட்டு விசேஷத்துக்குப் போவது குறைந்து, வடக்குக்காரன், தெற்குக்காரன் என்ற பேச்சு, பல காலமாக அப்படித்தான் இருந்தது என்பதுபோல், எல்லோர் வாயிலும் வந்துவிட்டது. கோட்டுக்குள்ளேயே இருந்தது கோயில்பிள்ளை மட்டும். அவர் மனைவியும் மகளும் போய்விட்டார்கள். அவர் மாடி ஜன்னலைத் திறந்தே வைத்து, அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒரு பிள்ளை எறியிற பந்துக்குப் பயந்து வீட்டைவிட்டு ஓடுவேனா என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னார், கேட்காதவர்களிடமும் சொன்னார்.

முப்பத்தைந்தாம் நாள் மாநில அம்பயர் பட்டியல் தபாலில் வந்தது. அதில் பதினோராவது பெயர் ஜெபக்கனியுடையது. இருபத்திரண்டு வருஷமாக அவள் வேண்டியிருந்த தாள் அது. சமையலறையில் நின்று இரண்டு தரம் படித்தாள், உலை கொதித்து வழிந்து அடுப்பு அணைந்துபோனதுகூடத் தெரியாமல் நின்றாள், பிறகு தாளை நாலாக மடித்து அரிசிப் பானைக்கு அடியில் வைத்தாள். அன்றிலிருந்து அந்தப் பானையில் அரிசி எடுக்க அவளுக்குக் கை வரவில்லை. கடையில் அரைக் கிலோ அரைக் கிலோவாக வாங்கிச் சமைத்தாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தினமும் மைதானத்துக்குப் போனாள். போனால் யாராவது நாற்காலி போட்டு, டீச்சர் டீச்சர் என்று அவளிடம் விதி கேட்டார்கள். வடிவை வளர்த்தவள் என்று வெளியூர்க்காரர்களிடம் அவளைக் காட்டினார்கள். சொல்லாமல் திரும்பி வந்தாள்.

முப்பத்தெட்டாம் நாள் உப்பளத்தில் வேலை பார்க்கும் பால்வண்ணனுக்கும் அவன் மைத்துனனுக்கும் வாய்த்தகராறு வந்தது. ஓர் உப்புப் பாத்திக்குத் தண்ணீர் திறந்துவிட்டது யார் என்பதுதான் விஷயம். பால்வண்ணன் உப்பு வாருகிற நீண்ட பலகையை ஓங்கினான். ஓங்குவது அந்த அளத்தில் வாரம் ஒருதரம் நடப்பதுதான். ஓங்குவார்கள், நாலு பேர் நடுவில் விழுவார்கள், ஓங்கினவன் பலகையைத் தூக்கி எறிந்துவிட்டுப் பீடி பற்றவைப்பான். அன்றைக்கு யாரும் நடுவில் விழவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பால்வண்ணனின் கை தலைக்கு மேலே தயங்கியது, அப்போது கூட்டத்தில் யாரோ, அதட்டலாகக்கூட இல்லை, சாதாரணமாக, "பாக்கு" என்றார்கள். அவன் அடித்தான். மைத்துனனுக்குக் காறை எலும்பு இரண்டாக முறிந்தது. அடிபட்டவன் புகார் கொடுக்கவில்லை. தொடங்கினதை முடிச்சான், அதுல என்ன குத்தம் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு சொன்னான்.

அதைக் கேட்டபோதுதான் ஜெபக்கனி விசாரிக்கத் தொடங்கினாள், விசாரிக்க விசாரிக்கப் பயந்தாள். கோபத்தில் அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பி, பஸ் நிறுத்தம் வரைக்கும் போய் அழுது திரும்புகிற ஒரு பெண், இந்தத் தடவை பஸ் ஏறிப் போய்விட்டாள்; பிள்ளை இங்கே காய்ச்சலில் கிடக்கிறது. வெட்டுவேன் வெட்டுவேன் என்று இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒருவர், பக்கத்து வீட்டு முருங்கையோடு நிறுத்தாமல் அவர்கள் வீட்டுக்கு வருகிற தண்ணீர்க் குழாயையும் வெட்டினார். செத்துப்போவேன் என்று சொன்ன ஒரு கிழவரை, சொன்னதை முடித்துவிடுவார் என்று பயந்து மூன்று பேர் முறை வைத்துக் காவல் காத்தார்கள். யாரும் பாதியில் நிறுத்தவில்லை. நிறுத்தலாம் என்பதே அந்த ஊருக்கு மறந்துபோயிருந்தது.

நாற்பத்தோராம் நாள் வெள்ளிக்கிழமை. வடிவைச் சுற்றிக் கல்மண்டபம் கட்ட அன்று சாயங்காலம் நாலு மணிக்கு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுவதாக ஏற்பாடு. வடக்குக்காரர்கள் ஒரு பக்கமும் தெற்குக்காரர்கள் ஒரு பக்கமுமாக ஊரே கூடியிருந்தது, நடுவில் கோட்டின் அகலத்துக்கு யாரும் இல்லை. மண்வெட்டி வைக்க வேண்டிய இடத்தில் முப்பிடாதி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரி முப்பிடாதி. உன் மவளுக்குத்தான செய்யுதோம்," என்றார்கள்.

"அவ ராத்திரி சாப்பாட்டுக்கு வருவான்னு நாப்பது நாளா ஒலையில கூட ஒரு பிடி போடுதேன். நீங்க சுவரு வைக்கியளா?"

ஜெபக்கனி முகக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கூட்டத்தைவிட்டு வெளியே வந்து, ஆளில்லாத அந்தக் கோட்டில் நடந்தாள். நடக்கும்போது அவளுக்கும் பிடரியில் விரல் வைத்ததுபோல் இருந்தது. ஹோம் பிளேட்டுக்கு முன்னால் வந்து நின்று, மேட்டைப் பார்த்து, வகுப்பில் பேசுகிற குரலில் பேசினாள்.

"அன்னைக்கு மாவட்ட ஆட்டத்துல வடிவு நின்னா. முழுசா நின்னா. நான் பாத்தேன். பாத்துக்கிட்டேதான் பால்க் சொன்னேன்."

"எதுக்கு சொன்னிய?" என்று முப்பிடாதி உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள்.

"மாநிலப் பட்டியல்ல என் பேரு வரணும்னு. கோயில்பிள்ளை வந்து ஒரு வார்த்தை சொன்னாரு. ஆனா பொய் சொல்லுங்கன்னு அவரு சொல்லல. சொன்னது நான்." மேட்டிலிருந்து முகத்தைத் திருப்பிக் கூட்டத்தைப் பார்த்தாள். "அவ வேலையை நான்தான் கெடுத்தேன். அவகிட்ட சொல்லணும், உங்க எல்லார்கிட்டயும் சொல்லணும். சொல்லிட்டேன்."

அப்போது வடிவின் புருவத்திலிருந்து உப்பு உதிர்ந்தது. அதை முதலில் பார்த்தவள் ஜைனம்பு. அவள் முதல் பேஸில் போய்க் காலை வைத்தாள். வடிவு ஒருமுறை கண்ணை மூடித் திறந்தாள். அவள் இடது கால் தரையைவிட்டு ஒரு நூல் அளவு எழுந்தது, கூட்டம் இரண்டு பக்கமும் கடல் உள்வாங்குவதுபோல் பின்வாங்கியது, யாரோ ஒருத்தர் கேட்டார்: "ஜன்னல்ல ஆளு இருக்கா?"

எல்லோரும் கிழக்கே திரும்பினார்கள். மாடி ஜன்னலில் கோயில்பிள்ளை வெள்ளைச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தார். அங்கிருந்து அவருக்கு டீச்சர் பேசியது கேட்டிருக்காது. ஊர் முழுக்கத் தன்னைத் திரும்பிப் பார்ப்பது மட்டும் தெரிந்திருக்கும். அவர் விலகவில்லை. பிடிவாதமா, கால் வராமல் போய்விட்டதா என்று இன்றைக்கும் ஊரில் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். விலகச் சொல்லி ஒருவரும் கத்தவில்லை. எறியட்டும் என்ற நினைப்பு அந்த மைதானத்தில் ஓர் ஆளைப்போல எழுந்து நின்றது. ஜெபக்கனிக்கு அதன் மூச்சுச் சூடு முகத்தில் பட்டது.

அவளும் விலகவில்லை. பந்து வரும்போது அம்பயர் இருக்க வேண்டிய இடம் ஒன்றுதான். அங்கே போய்க் குனிந்து நின்றாள். முகக்கவசத்தை மாட்டிக்கொள்ளவில்லை. தைரியத்தால் இல்லை, விரலுக்கு வார் பிடிபடவில்லை.

வடிவு எறியத் தொடங்கினாள். நாற்பத்தோரு நாள் மடங்கிக் கிடந்த எலும்புகள் ஒவ்வொன்றாக விடுபடுகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. இடது முழங்கால் இடுப்புக்கு மேலே எழுந்தது, கிளவுஸிலிருந்து வலது கை பிரிந்து பின்னால் போனது, பந்தல் துணி அந்தக் கையின் பக்கமாக உள்ளே இழுபட்டது, தரையில் கிடந்த உப்பும் புழுதியும் அவள் காலை நோக்கி ஊர்ந்தன, கம்பிவலை முழுக்க எறும்பு மொய்த்ததுபோல் அதிர்ந்தது. கை காதுக்கு மேலே உயர்ந்தது. பந்து விரல் நுனிக்கு வந்தது. ஜெபக்கனி கண்ணை மூடாமல் அந்த விரல்களையே பார்த்தாள்; தான் செய்யவேண்டிய வேலை அது ஒன்றுதான் என்று நினைத்தாள்.

கை அங்கேயே நின்றது.

முன்னால் வைத்த கால் தரையில் ஊன்றி, இடுப்பு திரும்பி, தோள் திரும்பி, எறி முக்கால்வாசி போய்விட்ட அந்த இடத்தில், அந்தப் பெண் தன் கையைத் தானே பிடித்து நிறுத்தினாள். கழுத்து நரம்பு புடைத்தது, மூக்கிலிருந்து ஒரு கோடு ரத்தம் இறங்கி உதட்டுக்கு வந்தது, கை மேலும் கீழுமாக நடுங்கியது, ஆனால் பந்து போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கையை இறக்கினாள். இறக்கித் தொடையோடு வைத்துக்கொண்டு, ஓடிக் களைத்தவள்போல் மூச்சு வாங்கினாள்.

ஊர் முழுக்க அம்பயரைப் பார்த்தது. வேண்டாம், இப்போது அதைச் சொல்லாதே என்று அவள் மனசு அவளிடம் கெஞ்சியது. ஜெபக்கனி நிமிர்ந்தாள், வலது கையை நீட்டினாள்.

"பால்க்," என்றாள்.

வடிவு உதட்டு ரத்தத்தைப் புறங்கையால் துடைத்தாள். "ஆமா டீச்சர்," என்றாள். நாற்பத்தோரு நாளில் அவள் பேசிய முதல் பேச்சு அது. குரல் கரகரத்திருந்தது. "இது பாக்குதான்."

ஜைனம்பு விதிப்படி இரண்டாவது பேஸுக்கு நடந்து போனாள். வடிவு ரப்பர் பட்டையைவிட்டு இறங்கி, பந்தைக் கீழே வைத்துவிட்டு, அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். முப்பிடாதி அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, பின்கழுத்து உப்பைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தாள். மாடி ஜன்னல் சாத்தப்பட்டது.

கூட்டத்தில் கைதட்டல் இல்லை. பந்தலுக்குக் கம்பு கொடுத்தவர் வந்து முதல் கம்பைப் பிடுங்கினார். "நாப்பத்தோரு நாளு," என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். "இதுக்கா." துணி இறங்கியது, மண்வெட்டிகளைத் தோளில் வைத்துக்கொண்டு வடக்குக்காரர்கள் வடக்கேயும் தெற்குக்காரர்கள் தெற்கேயும் போனார்கள், போகிறவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்த பார்வை ஜெபக்கனிக்குப் பிடிக்கவில்லை. ஒருவரும் அந்தப் பெண்ணுக்கு ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. ஜைனம்பு ஓடிப்போய்க் கொண்டுவந்தாள்.

மறுநாள் காலையில் ஜெபக்கனி சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள், பட்டியலிலிருந்து தன் பெயரை எடுத்துவிடும்படியும், அந்த ஆட்டத்தின் தீர்ப்பு பொய் என்றும். இனி அதனால் ஒன்றும் மாறாது என்று அவளுக்குத் தெரியும். தபாலில் போட்டுவிட்டு, வடிவிடம் சொல்லலாம் என்று உப்பளத்தெருவுக்குப் போனாள்.

முப்பிடாதி வீட்டு வாசலில் பால்வண்ணன் நின்றுகொண்டிருந்தான். வடிவு வாசற்படியில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். வலது கையைத் தூக்க முடியவில்லை, இடது கையால் குடித்தாள்.

"நீ பாதியில நிறுத்திட்ட," என்றான் பால்வண்ணன். சத்தம் போடவில்லை. "அப்படி நிறுத்தலாம்னா, நான் எதுக்கு அவனை அடிச்சேன்?"

வடிவு கும்பாவைக் கீழே வைத்தாள். "தெரியலண்ணே," என்றாள்.

அவன் போகவில்லை. அவனுக்குப் பின்னால், அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிப்போன பெண் திரும்பி வந்து, காய்ச்சல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். குழாயை வெட்டினவர் நின்றார். பலகையை ஓங்கினபோது சுற்றி நின்று பார்த்தவர்களில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். பாக்கு என்று சொன்னது அவர்களில் யார் என்று அவர்களுக்கே தெரியாததுபோல் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். தெரு முனை வரைக்கும் வரிசையாக ஆட்கள் இருந்தார்கள், இன்னும் வந்துகொண்டிருந்தார்கள். யாரும் கத்தவில்லை, யாரும் அழவில்லை, கையைக் கட்டிக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றார்கள். அவர்கள் மன்னிப்புக் கேட்க வந்தார்களா, பழி போட வந்தார்களா என்று ஜெபக்கனியால் கண்டுபிடிக்க முடியவில்லை.

முப்பிடாதி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "கதவைச் சாத்தட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"வேண்டாம்மா," என்றாள் வடிவு.

ஜெபக்கனி வரிசையின் கடைசிக்கு நடந்து போய், குழாய் வெட்டினவருக்குப் பின்னால் வந்து சேர்ந்திருந்த எல்லோருக்கும் பின்னால், தன் இடத்தில் நின்றாள்.